ஊருக்கு நாங்கள் எதைக் காட்ட வேண்டும்?

அம்மாபேட்டை ஆசிரியை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் ஓய்வு பெற்ற தமிழாசிரியை. சேலம் அம்மாபேட்டைப் பக்கம் நெசவாளர் தெரு ஒன்றில் மகன், மருமகளோடு வசிக்கிறேன். மருமகள் என் தம்பியின் மகள்தான். ஏற்காட்டு மலைமேல் ஒரு காப்பித் தோட்டத்து ஊரில் பிறந்தவள், என்னை இன்றும் அத்தை என்றே அழைப்பவள். இதை எழுதலாமா என்று முதலில் அவளிடம் கேட்டேன். எழுதியதை முழுவதும் படித்துப் பார்த்துவிட்டு, குழந்தைக்கு இருந்த குறையின் பெயரை மட்டும் எடுத்துவிடச் சொன்னாள். எடுத்துவிட்டேன்.

இது அவளுக்கு முதல் கர்ப்பம். இருபதாவது வாரம் ஸ்கேனுக்குப் போனபோது நானும் உள்ளே இருந்தேன். அதுவரை எங்களோடு பேசிக்கொண்டே கருவியை நகர்த்திக்கொண்டிருந்த மருத்துவர் ஓரிடத்தில் பேச்சை நிறுத்திவிட்டார். திரும்பத் திரும்ப அதே இடத்தில் கருவியை அழுத்திப் பார்த்தார். பிறகு திரையைத் தம் பக்கமாகத் திருப்பிக்கொண்டார். அந்த நேரத்தில் மருமகள் என் முந்தானை நுனியைப் பிடித்திருந்தாள். வெளியே வந்து பார்த்தால் அது கசங்கிச் சுருண்டு கிடந்தது. வேறொரு இடத்தில் இரண்டாவது ஸ்கேனும் எடுத்தோம். இரண்டு மகப்பேறு மருத்துவர்கள் தனித்தனியாகப் பார்த்துவிட்டு ஒரே முடிவைத்தான் சொன்னார்கள்: குழந்தை பிறந்தாலும் பிழைக்க வழியில்லை. நான்கு நாட்கள் எங்கள் வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரியவில்லை. ஐந்தாம் நாள் காலையில் அவளே சொன்னாள். நாங்கள் யாரும் அவளை இப்படி என்றும் சொல்லவில்லை, அப்படி என்றும் சொல்லவில்லை. இருபத்திரண்டாவது வாரத்தில், சட்டம் அனுமதித்த முறைப்படி, மருத்துவமனையில் எல்லாம் முடிந்தது. அது பிரசவத்தைப் போலவே நடந்தது, வலியும் பிரசவ வலிதான் என்பதை வெளியில் இருப்பவர்கள் அறியமாட்டார்கள்.

மூன்றாம் நாள் அவளுக்குப் பால் கட்டிக்கொண்டது. மார்பு கல்லாக இறுகிக் காய்ச்சலும் வந்தது. மருத்துவர் மாத்திரை கொடுத்திருந்தார். இருந்தாலும் எங்கள் அம்மா காலத்து வழக்கப்படி மல்லிகைப் பூவை வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்று, தெருமுனைப் பூக்காரம்மாவிடம் ஐந்து முழம் வாங்கி வந்தேன். அன்று மாலையே தெருவில் ஒரு பேச்சு கிளம்பிவிட்டது: “பிள்ளையைக் கலைச்சுப் போட்டுட்டு முழம் முழமா பூ வாங்கிட்டுப் போறாங்க.”

அதிலிருந்து தொடங்கியது. அடுத்த வாரம் தெரு வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு வந்தது. பெண் குழந்தை என்று தெரிந்துதான் ஆறாவது மாதத்தில் கலைத்தார்கள் என்றும், ஆசிரியை வீட்டிலேயே இப்படி என்றும் அதில் ஒருவர் பேசியிருந்தார். பிறகு ஒரு யூடியூப் சேனலில் எங்கள் தெருவின் படத்தைப் போட்டு, சேலத்தில் மறுபடியும் சிசுக்கொலையா என்று தலைப்புக் கொடுத்தார்கள். பெயர் சொல்லவில்லை, ஆனால் வாசலில் நிற்கும் எங்கள் வேப்பமரம் அந்தப் படத்தில் தெளிவாகத் தெரிகிறது. யாரோ பெயரில்லாமல் மனுப் போட்டு, சுகாதாரத் துறை அலுவலர்கள் மருத்துவமனைக்குப் போய்ப் பதிவேடுகளைப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுச் சென்றார்கள். அது யாருடைய காதிலும் ஏறவில்லை. இப்போது எங்கள் சமூகச் சங்கத்துப் பெரியவர்கள், அடுத்த கூட்டத்திற்கு வந்து விளக்கம் சொல்லுங்கள் என்று ஆள் அனுப்பியிருக்கிறார்கள்.

என்னைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பெற்றோர் வேண்டாம் என்னும் பெண் குழந்தைகளைக் கொல்லாமல் அரசிடம் விட்டுச் செல்வதற்கான தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் சேலத்தில் தொடங்கியபோது நான் இம்மாவட்டத்தின் கிராமப் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருந்தேன். சுகாதார நிலையத் தாழ்வாரத்தில் வைத்திருந்த அந்தத் தொட்டிலைக் கண்ணால் பார்த்தவள். மூன்றாவதும் பெண் என்று அழுத வீடுகளின் திண்ணையில் உட்கார்ந்து, பிள்ளைக்குக் கள்ளிப்பால் ஊற்றிவிடாதீர்கள், என்னிடமாவது கொடுங்கள் என்று கெஞ்சியவள். அப்படி நான் கெஞ்சிய வீட்டில் வளர்ந்த ஒரு பெண் இன்று செவிலியராக இருக்கிறாள். ஒவ்வொரு பொங்கலுக்கும் தொலைபேசியில் பேசுவாள். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு அதே குற்றத்தை என் வீட்டு வாசலில் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்.

என் மகன் ஸ்கேன் அறிக்கையை நகலெடுத்துச் சங்கக் கூட்டத்தில் எல்லோர் கையிலும் கொடுத்துவிடலாம் என்கிறான். பிறந்தது ஆணா பெண்ணா என்பது எங்களுக்கு அன்றுதான் தெரியும். அதைச் சொல்லிவிட்டாலே ஊர் வாய் அடங்கிவிடும் என்றும் அவன் ஒருநாள் சொல்லிவிட்டான். மருமகள் அவனை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்: “ஆண் என்றால்தான் நாம் அழுதது நிஜமா? பெண்ணாக இருந்தால் நாம் கொன்றவர்களா? எந்தப் பதிலைச் சொன்னாலும் என் பிள்ளையைத் தராசில் ஏற்றுவது போலத்தானே?” அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

நான் கேட்க வந்தது இதுதான். பொய்ப் பழியைத் துடைக்க, அவளுடைய உடம்பின் காகிதங்களை ஊர் முன்னால் விரிப்பது சரியா? காட்டாமல் இருந்தால் மௌனமே ஒப்புதல் ஆகிவிடுமா? சட்டம் தெரிந்தவர்களும் இந்த வழியில் நடந்தவர்களும் சொல்லுங்கள்.

அஸ்தம்பட்டி வழக்கறிஞர்

அம்மா, வணக்கம். சேலம் நீதிமன்ற வளாகத்தில் குடும்ப வழக்குகள் நடத்துபவன் நான். நேராகவே சொல்லிவிடுகிறேன்: எதையும் யாரிடமும் காட்டாதீர்கள். மகன் நல்லெண்ணத்தில்தான் கேட்கிறார். ஆனால் அந்தக் காகிதம் அவருடையது அல்ல, மருமகளுடையது.

1971-ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் 2021-ல் திருத்தப்பட்டது; அந்த ஆண்டு செப்டம்பர் 24 முதல் திருத்தம் நடைமுறையில் இருக்கிறது. இருபது வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தும், அதற்கு மேல் இருபத்துநான்கு வாரம் வரை, விதிகள் குறிப்பிடும் நிலைகளில் உள்ள பெண்களுக்கு, இரண்டு மருத்துவர்களின் கருத்தும் வேண்டும். பிழைக்க வழியில்லாத குறை கருவில் இருப்பது அந்த நிலைகளில் ஒன்று. இருபத்துநான்கு வாரத்தைத் தாண்டி அப்படிக் கண்டறியப்பட்டால் மருத்துவக் குழு முடிவெடுக்கும். எந்தக் கட்டத்திலும் சட்டம் கேட்பது வயது வந்த அந்தப் பெண்ணின் சம்மதம் ஒன்றைத்தான். கணவரின் கையெழுத்தைக்கூடச் சட்டம் கேட்கவில்லை. கணவரிடமே கேட்காத கையெழுத்தைச் சங்கம் எப்படிக் கேட்கும்?

இரகசியம் காப்பதற்குத் தனிப் பிரிவே இருக்கிறது. கருக்கலைப்புச் செய்துகொண்ட பெண்ணின் பெயரையோ விவரத்தையோ, சட்டப்படி அதிகாரம் பெற்றவரைத் தவிர வேறு எவரிடமும் மருத்துவர் வெளியிட்டால், ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம் என்கிறது 5ஏ பிரிவு. இன்னும் நுணுக்கமான ஓர் ஏற்பாடும் உண்டு. அதற்கென உள்ள சேர்க்கைப் பதிவேட்டில் மட்டும்தான் பெண்ணின் பெயர் இருக்க வேண்டும். நோயாளிக் குறிப்பிலும் அறுவை அரங்கப் பதிவேட்டிலும் வரிசை எண்ணால் மட்டுமே குறிக்க வேண்டும் என்று விதிமுறை சொல்கிறது. அந்த அளவுக்கு மூடி வைக்கச் சொன்னதை நீங்களே நகலெடுத்துக் கொடுத்துவிட்டால், பிறகு அந்தக் காகிதம் எந்தெந்தக் குழுவில் எப்படிச் சுற்றும் என்பது உங்கள் கையில் இருக்காது.

2008-ல் மும்பை உயர் நீதிமன்றத்தில், கருவில் இருந்த குழந்தையின் இதயத்தில் கோளாறு என்று ஒரு தம்பதியர் தங்கள் சொந்தப் பெயரிலேயே மனுச் செய்தார்கள். அப்போது வரம்பு இருபது வாரம், நீதிமன்றம் அனுமதிக்கவில்லை. நாடு முழுவதும் அந்த வீட்டுத் துயரத்தை எடைபோட்டுப் பேசியது. சட்டம் மாறுவதற்கு அந்த வழக்கும் ஒரு காரணம் என்றாலும், அந்தத் தம்பதியர் செலுத்திய விலை பெரிது. 2022 செப்டம்பர் 29 அன்று, மணமாகாத பெண்களுக்கும் இந்த உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, வழக்குத் தொடுத்த பெண்ணின் பெயர் ‘எக்ஸ்’ என்ற ஒற்றை எழுத்துதான். குடும்பத்தாரின் சம்மதத்தைக் கொண்டுவா என்பது போன்ற கூடுதல் நிபந்தனைகளை மருத்துவர்கள் விதிக்கக்கூடாது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது.

செய்ய வேண்டியவை சில உண்டு. குரல் பதிவையும் காணொளியையும் தேதியோடு சேமித்து வையுங்கள். அழிப்பதற்கு முன் அதுதான் ஆதாரம். யூடியூப் நிறுவனத்திடம் தனியுரிமைப் புகாரை மருமகளே அளிப்பது நல்லது. பாதிக்கப்பட்டவரே கொடுத்தால்தான் பெரும்பாலும் ஏற்பார்கள். அவதூறுக்கு, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு இருக்கிறது. அதில் காவல் நிலையம் நேரடியாக வழக்குப் பதிய முடியாது, குற்றவியல் நடுவர் மன்றத்தில் தனிப் புகார் கொடுக்க வேண்டும். செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்றாலும், இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். பெரும்பாலும் ஒரு வழக்கறிஞர் அறிவிப்பிலேயே இந்த மாதிரிச் சேனல்கள் காணொளியை எடுத்துவிடுகின்றன என்பது என் அனுபவம்.

மலைச்செவிலி

அம்மா, நான் ஏற்காடு வட்டத்தில் கிராம சுகாதார செவிலியராகப் பணிசெய்து ஓய்வு பெற்றவள். வழக்கறிஞர் ஐயா சட்டத்தைச் சொல்லிவிட்டார். நான் உங்கள் மருமகளின் உடம்பைப் பற்றிச் சொல்கிறேன். ஊர்ப் பேச்சில் அது மறந்துபோய்விடும்.

இருபத்திரண்டு வாரத்தில் குழந்தை போனாலும் பால் வரும் என்பதை மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போதே எல்லோருக்கும் சொல்லியிருக்க வேண்டும். பல இடங்களில் யாரும் சொல்வதில்லை. மல்லிகை கட்டும் வழக்கம் மலையிலும் உண்டு. மாத்திரையை நிறுத்தாமல், பூவையும் கட்டுங்கள், தவறில்லை. வலிக்கிறதே என்று பாலைப் பீய்ச்சிப் பீய்ச்சி எடுத்தால் மேலும் மேலும் ஊறும். தாங்க முடியாதபோது சிறிதளவு மட்டும் எடுக்கலாம். மார்பில் ஓரிடம் சிவந்து சுட்டு, குளிரோடு காய்ச்சல் வந்தாலோ, உதிரப்போக்கு திடீரென்று கூடினாலோ, துர்நாற்றம் வந்தாலோ, ஊர் பார்க்குமே என்று வீட்டுக்குள் இருந்துவிடாதீர்கள், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பழிக்கு அஞ்சி மருத்துவமனைக்கு வராமல் உடம்பைக் கெடுத்துக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சொந்தத்தில் கட்டியதால்தான் இப்படி என்றும் யாராவது சொல்லியிருப்பார்கள். மாமன் மகள், அத்தை மகன் திருமணங்களில் பிறவிக் குறைக்கான வாய்ப்பு, பொதுவாக எல்லோருக்கும் இருப்பதைவிட நூற்றுக்கு இரண்டு மூன்று அளவில் கூடுகிறது என்பது உண்மை. ஆனால் பெரும்பாலான சொந்தத் திருமணங்களில் நல்ல குழந்தைகளே பிறக்கின்றன. முற்றிலும் அந்நியத்தில் மணந்தவர்களுக்கும் மண்டையோடு உருவாகாத குழந்தையும் சிறுநீரகம் இல்லாத குழந்தையும் வந்திருப்பதை நான் அறிவேன். அடுத்த கர்ப்பத்திற்கு முன் மரபியல் ஆலோசனை ஒருமுறை பெறுங்கள். ஃபோலிக் அமில மாத்திரையைக் கருத்தரிப்பதற்கு ஒரு மாதம் முன்பிருந்தாவது தொடங்க வேண்டும்; தண்டுவடக் குறை இருந்திருந்தால் அதன் அளவே வேறு என்பதால் மருத்துவரைக் கேட்டே எடுக்க வேண்டும். தூக்கம் வராமல், பேசாமல், எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்திற்கு மேல் இருந்தால் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்குத் தமிழிலேயே பேசலாம்.

மருமகள் வேலைக்குப் போகிறவராக இருந்தால் ஒன்று. மகப்பேறு நலம் பற்றிய சட்டப்படி, மருத்துவக் கருக்கலைப்புக்கும் சம்பளத்தோடு ஆறு வார விடுப்பு உண்டு. அதைக் கேட்டு வாங்குங்கள். வெட்கப்பட வேண்டியது எதுவும் இல்லை.

சேலத்துக்காரன்

நான் கேட்பது உங்களுக்குக் கசக்கலாம், பொறுத்துக்கொள்ளுங்கள். நம் மாவட்டத்தின் மீது சந்தேகம் சும்மா வரவில்லை. 2001 கணக்கெடுப்பில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு இங்கே பெண் குழந்தைகள் ஏறத்தாழ 850 பேர்தான். என் சொந்த அத்தை வீட்டிலேயே நடந்ததைச் சிறுவயதில் நான் அறிந்திருக்கிறேன். அன்று ஊர் கேள்வி கேட்கவில்லை, அதனால்தான் அந்தக் குழந்தைகள் போயின. இன்று ஊர் கேட்கிறது என்றால் அதை முழுக்கத் தவறு என்று எப்படிச் சொல்வது? பத்துப் பேருக்குக் காட்ட வேண்டாம், நம்பிக்கையான இரண்டு பெரியவர்களுக்கு மட்டும் அறிக்கையைக் காட்டிவிட்டால் சந்தேகம் தீர்ந்துவிடுமே.

ஏற்காட்டுத் தாய்

சேலத்துக்காரன் சகோதரருக்கு நான் பதில் சொல்ல விரும்புகிறேன். ஆசிரியை அம்மா சொன்னால் தற்காப்பு போல ஆகிவிடும். நான் கிறிஸ்தவக் குடும்பத்தைச் சேர்ந்தவள். என் இரண்டாவது மகளுக்குத் தண்டுவடம் மூடவில்லை என்று ஐந்தாம் மாதத்தில் தெரிந்தது. நான் பெற்றுக்கொள்வது என்று முடிவெடுத்தேன். அவளுக்கு இப்போது ஒன்பது வயது. காலில் பிரேஸ் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போகிறாள். மூன்று அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது. கருக்கலைப்பைப் பற்றி என் மனச்சாட்சி சொல்வது வேறு, அதை மறைக்கவில்லை. ஆசிரியை அம்மாவின் மருமகள் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியும் என்றும் சொல்லமாட்டேன். அவருடைய குழந்தைக்கு இருந்தது என் மகளுக்கு இருந்தது போன்ற குறை அல்லவே.

ஆனால் இதைக் கேளுங்கள். நான் பெற்றுக்கொண்டபோதும் ஊர் சும்மா இருக்கவில்லை. தெரிந்தே இப்படி ஒரு பிள்ளையைப் பெற்று அதையும் வதைக்கிறாளே என்றார்கள். திருவிழாவுக்குத் தூக்கிப் போனால், முன்னாலேயே ஸ்கேன் எடுக்கவில்லையா என்று பேருந்தில் முன்பின் அறியாதவர்கூடக் கேட்டார். நானும் நீங்கள் சொல்வது போலவே ஒரு கட்டத்தில் நம்பிக்கையான இரண்டு பேரிடம் அறிக்கையைக் காட்டினேன். ஒருவர் படித்துவிட்டு, இதில் பிழைக்கலாம் என்றுதானே இருக்கிறது, நடக்க முடியாது என்று எங்கே இருக்கிறது என்று விவாதித்தார். இன்னொருவர் நூற்றுக்கு எத்தனை என்று கேட்டார். அன்று புரிந்தது: காகிதத்தைக் காட்டியவுடன் நாம் சாட்சி ஆகிறோம், அவர்கள் நீதிபதி ஆகிவிடுகிறார்கள். பிறகு எந்த எண்ணும் அவர்களுக்குப் போதாது.

பெண் சிசுவைக் காப்பதற்கு ஊர் விழித்திருக்க வேண்டியதுதான். பாலினம் பார்த்துச் சொல்வதைத் தடுக்க 1994-ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது. ஸ்கேன் மையங்களைச் சோதிக்க அலுவலர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள் என்று ஆசிரியை அம்மாவே எழுதியிருக்கிறார். ஊருக்குச் சந்தேகம் என்றால் ஸ்கேன் மையத்தின் வாசலில் நின்று கேட்கட்டும். பால் கட்டிக் காய்ச்சலில் கிடக்கும் பெண்ணின் கட்டிலண்டை வந்து கேட்க என்ன இருக்கிறது?

அம்மாபேட்டை ஆசிரியை

பதில் எழுதிய நால்வருக்கும் நன்றி. சேலத்துக்காரன் தம்பிக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். உங்கள் அத்தை வீட்டுச் செய்தியைப் படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. அந்தத் திண்ணைகளில் நான் உட்கார்ந்த காலத்தில் உங்களைப் போன்ற ஒருவர் கேட்க மாட்டாரா என்றுதான் ஏங்கினேன். ஆனாலும் இந்த வீட்டில் அந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவள் நான் அல்ல. அவள் சொல்ல மாட்டேன் என்று முடிவு செய்திருக்கிறாள்.

நேற்று முன்தினம் சங்கக் கூட்டத்திற்கு நான் மட்டும் போனேன். மகனை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எங்கள் வீட்டில் ஒரு குழந்தை தவறிவிட்டது, துக்கம் கேட்க வருவதானால் வாசல் திறந்திருக்கிறது, அறிக்கை கேட்க வருவதானால் திறக்காது என்று சொன்னேன். தலைவர் ஒன்றும் பேசவில்லை. பின்வரிசையில் இருந்த இரண்டு பெண்கள் என்னோடு எழுந்து வீடுவரை வந்தார்கள். அவர்களில் ஒருவர் முப்பது ஆண்டுகளுக்கு முன் எட்டாம் மாதத்தில் இழந்த பிள்ளையைப் பற்றி, தன் வீட்டாரிடம்கூடச் சொல்லாததை, மருமகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் காப்பி போட உள்ளே போய்விட்டேன்.

காணொளி மீது மருமகளே புகார் அளித்துவிட்டாள். புதன்கிழமை சட்ட உதவி அலுவலகத்திற்குப் போகிறோம். ஆறு வார விடுப்புக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறாள். செவிலியர் அம்மாவுக்கு அவள் தனியாக நன்றி சொல்லச் சொன்னாள்.

அன்று பூ வாங்கியதைப் பார்த்த பக்கத்து வீட்டம்மா, பூக்காரம்மாவிடம் எதற்கு இத்தனை முழம் என்று கேட்டிருக்கிறார். சாமிக்கு வாங்கினாங்க என்று அவர் பதில் சொன்னாராம். நான் வாங்கும்போதே, சரத்தை நெருக்கமாகக் கட்டாமல் இளக்கமாகக் கட்டிக் கொடுத்தார். அவருக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. இதை நேற்றுதான் கேள்விப்பட்டேன்.

இந்தப் பதிலையும் அனுப்புவதற்கு முன் மருமகளிடம் காட்டினேன். ஒரு வரியை அடித்துவிடச் சொன்னாள். அடித்துவிட்டேன்.